மூச்சு சீராகத்தான் இருந்தது: ஊட்டி உறைபனிக் காலத்தில் ஒரு கரிச்சட்டி நிகழ்வு

ஊட்டியைத் தாண்டி, கேரட் தோட்டங்கள் நிறைந்த ஒரு கிராமத்திலிருந்து வந்த ஒரு தாய், அவருடைய மகன் ஆகிய இருவரின் நிகழ்வு ஆய்வு இது. அவர்கள் யாரென்று தெரியாமலிருக்க வயதையும் சில சிறு விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். இருவரின் நுரையீரலிலும் எந்தக் கோளாறும் இல்லை. மூச்சின் வேகம் சரி, எக்ஸ்ரே சரி, விரலில் மாட்டிய கருவி காட்டிய எண்ணும் சரி. அப்படியிருந்தும் இருவரின் மூளைக்கும் ஆக்சிஜன் போதவில்லை. மூச்சு நன்றாக ஓடுவது ஒன்று, ஆக்சிஜன் போய்ச் சேருவது வேறொன்று. இதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய இன்னொரு நிகழ்வை நான் பார்த்ததில்லை. மலையில் குளிர்காலத்தில் வேலை பார்க்கும் டாக்டர்களும் செவிலியர்களும் இதைப் படிக்க வேண்டும். கரியடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கும் வீட்டுக்காரர்கள் இன்னும் முக்கியமாகப் படிக்க வேண்டும்.

வந்தபோது இருந்த நிலை

ஜனவரி மாதம், விடிந்தும் விடியாத நேரம். புல்வெளியெல்லாம் உறைபனி. காய்கறி ஏற்றும் பிக்கப் வண்டியில் கணவர் இருவரையும் கொண்டுவந்தார். அம்மாவுக்கு வயது 36, தோட்ட வேலை. சத்தமாகக் கூப்பிட்டால் கண் திறந்தார், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார், வண்டியிலேயே இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தார். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 124. ரத்த அழுத்தம் 104/70. மூச்சு நிமிடத்துக்கு 18. காய்ச்சல் இல்லை, சர்க்கரை 112. ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று விரலில் மாட்டிப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் 98 சதவீதம் என்றது. மகனுக்கு 11 வயது. தூக்கக் கலக்கம், தலை பிளக்கும் வலி, நாடி 110, ஆக்சிமீட்டரில் 99. இருவருக்கும் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் காற்று இரண்டு பக்கமும் சுத்தமாகப் போய்வந்தது.

கணவர் என்னைத் தனியாக அழைத்து, தாழ்ந்த குரலில், “மருந்து ஏதாச்சும் குடிச்சிட்டாளா டாக்டர்? பையனுக்கும் குடுத்துட்டாளா?” என்று கேட்டார். தோட்டத்து வீடுகளில் மருந்து என்றால் பூச்சிமருந்துதான். அந்தப் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் அந்த வகை விஷத்தில் பெரும்பாலும் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், வாயில் எச்சில் ஒழுகும், உடம்பு வேர்த்துக் கொட்டும், நெஞ்சில் சளி கரகரக்கும். இவர்களிடம் இதில் ஒன்றுகூட இல்லை. கழுத்து விறைப்பு இல்லை, தலையில் அடிபட்ட அடையாளமும் இல்லை. அவரிடம் அதைச் சொன்னதும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

மூன்று நாள் கதை

விடையை எங்களுக்குக் கொடுத்தது பரிசோதனை அல்ல, கூட வந்த பாட்டிதான்.

கணவர் இரவில் லோடு ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்விடுவார், விடிகாலையில்தான் திரும்புவார். பாட்டி முன் கூடத்தில் படுப்பார். அம்மாவும் பையனும் உள்ளறையில். அதற்கு முந்தைய இரண்டு நாளும் இருவரும் தலைவலியோடுதான் எழுந்திருக்கிறார்கள். தோட்டத்துக்குப் போய் பத்து மணி ஆனதும் அம்மாவுக்குத் தலை தெளிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் பையனுக்கும் அப்படியே. இரண்டாம் நாள் ஓரிடத்தில் காட்டியபோது பித்தம் என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வெளியே போனால் சரியாகி, வீட்டில் படுத்து எழுந்தால் திரும்ப வரும் தலைவலி, அதுவும் ஒரே அறையில் படுக்கும் இரண்டு பேருக்கு! இதைக் கேட்டதுமே அறைக்குள் என்ன எரிந்தது என்று கேட்கத் தோன்ற வேண்டும்.

கேட்டோம். “கங்கு மட்டுந்தான் கண்ணு, புகையே இல்ல,” என்றார் பாட்டி. “வெளிய வச்சு நல்லாப் பத்த வச்சு, புகையெல்லாம் போனப்புறந்தான் இரும்புச் சட்டியில அள்ளி உள்ள எடுத்துட்டுப் போவா. காலங்காலமா அப்படித்தானே படுக்கறோம்?”

பாட்டி சொன்னது அத்தனையும் உண்மை. ஆபத்தும் அந்த உண்மைக்குள்ளேயே இருந்தது. சீகை மர விறகு புகையும்போது கண் எரியும், இருமல் வரும், எழுந்து கதவைத் திறப்போம். புகை அடங்கி, செக்கச்செவேலென்று கனன்று கிடக்கும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை, தொண்டையில் உறுத்தலும் இல்லை. புகை போய்விட்டது என்பதால் பாதுகாப்பு வந்துவிட்டது என்று நம்ப எந்தக் காரணமும் கிடையாது.

முதலில் இருவரிடமும் ரத்தம் எடுத்து, காற்றுப் புகாமல் மூடி வைத்தோம். அடுத்த நிமிடமே ஆக்சிஜன் மாஸ்க். அந்த வரிசை முக்கியம். ஆக்சிஜன் கொடுக்கக் கொடுக்க, ஆதாரமான கார்பன் மோனாக்சைடு ரத்தத்திலிருந்து கரைந்துகொண்டே போகும். மூடிய குழாயில் இருக்கும் ரத்தத்தில் அது அப்படியே நிற்கும்.

நுரையீரல் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது

இங்கே ஒரு மூச்சின் பாதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் இந்த நிகழ்வு வெறும் ‘விஷவாயு’ என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும்.

உதரவிதானம் சுருங்கிக் கீழே இறங்குகிறது, விலா எலும்புகள் விரிகின்றன, மார்புக்குள் அழுத்தம் வெளியைவிடச் சற்றே குறைகிறது, காற்று உள்ளே வருகிறது. பெரியவர் ஒருவர் அமைதியாக விடும் ஒரு மூச்சு சுமார் 500 மில்லிலிட்டர். அதில் 150 மில்லி அளவு குழாய்களிலேயே நின்றுவிடும், வாயு மாற்றத்துக்கு உதவாது. மூச்சுக்குழாய் இரண்டாக, அது மறுபடி இரண்டாக என்று ஏறக்குறைய 23 தலைமுறை கிளை பிரிந்து, கடைசியில் காற்று நுண்ணறைகளில் முடிகிறது. இரண்டு நுரையீரலிலும் சேர்த்து அவை முப்பது கோடிக்கும் மேல். அத்தனையையும் விரித்துப் போட்டால் சுமார் 70 சதுர மீட்டர் வரும். காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருக்கும் சுவர் மிக மெல்லிய இடங்களில் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. ஒரு சிவப்பணு அந்த நுண்நாளத்தைக் கடக்க முக்கால் விநாடி ஆகும். அதில் முதல் கால் விநாடியிலேயே ஆக்சிஜன் ஏறி முடிந்துவிடும்.

மலையில் ஒரு வித்தியாசம் உண்டு. காற்றில் ஆக்சிஜனின் பங்கு சென்னையிலும் 21 சதவீதம், ஊட்டியிலும் 21 சதவீதம்தான். ஆனால் ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தம் 760 மி.மீ. பாதரசத்திலிருந்து ஏறத்தாழ 580க்கு இறங்கிவிடுகிறது. அதனால் நுண்ணறைக்குள் ஆக்சிஜனின் அழுத்தம், கடற்கரையில் 100 என்றால் இங்கே 70க்குப் பக்கத்தில்தான். ஊட்டிக்காரர்களுக்கு அது போதும். 70 அழுத்தத்திலேயே, சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் 94, 95 சதவீதம் நிரம்பிவிடும்.

இந்த அம்மாவின் உடம்பில் இவ்வளவும் ஒழுங்காக நடந்தது. காற்று வந்தது, நுண்ணறை நிரம்பியது, சுவரைக் கடந்தது. கடந்தபின்தான் இடமில்லை. ஒவ்வொரு ஹீமோகுளோபின் மூலக்கூறிலும் ஆக்சிஜன் உட்கார நான்கு இடங்கள் உண்டு. கார்பன் மோனாக்சைடும் அதே இடத்தில்தான் உட்காரும், ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு. ஆகவே அறைக் காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு இருந்தால் போதும், மணிக்கணக்கில் சுவாசிக்கும்போது பாதிக்கும் மேற்பட்ட இடங்களை அது எடுத்துக்கொள்ளும். அதே காற்றில் ஆக்சிஜன் ஆயிரத்துக்கு 210 பங்கு இருந்தும் பயனில்லை. (இந்தப் பிடிப்பை மருத்துவம் நல்லதற்கும் பயன்படுத்துகிறது. நுரையீரலின் சுவர் வாயுவை எவ்வளவு நன்றாகக் கடத்துகிறது என்று அளக்க, மிகமிகக் குறைந்த அளவு கார்பன் மோனாக்சைடை ஒரே ஒரு மூச்சு இழுக்கச் சொல்லும் பரிசோதனை உண்டு. 1915-இல் டென்மார்க்கின் மேரி குரோக் அதற்கு அடிப்படை போட்டார்.)

மதியம் கோவையிலிருந்து முடிவு வந்தது. அம்மாவின் ஹீமோகுளோபினில் 34 சதவீதம் கார்பன் மோனாக்சைடின் பிடியில். பையனுக்கு 29. புகை பிடிக்காதவர்களுக்கு இது 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

கணக்கைப் பார்ப்போம். அம்மாவின் ஹீமோகுளோபின் 100 மில்லி ரத்தத்துக்கு 11 கிராம். ஒரு கிராம் 1.34 மில்லி ஆக்சிஜனைச் சுமக்கும். ஆக 100 மில்லி ரத்தத்தில் சுமார் 14.7 மில்லி போகலாம். மூன்றில் ஒரு பங்கு போனதும் மிஞ்சியது ஒன்பதரை மில்லி அளவு. இது 7 கிராம் ஹீமோகுளோபின் உள்ள ஒருவரின் நிலைக்குச் சமம். ஆனால் 7 கிராமோடு தேயிலைக் கூடையைச் சுமந்து ஏறி இறங்கும் பெண்களை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். களைப்பார்கள், வெளுத்திருப்பார்கள், நினைவு தப்பி விழமாட்டார்கள். இந்த அம்மா மட்டும் ஏன் விழுந்தார்?

கார்பன் மோனாக்சைடு இரண்டு காரியம் செய்கிறது என்பதே காரணம். தான் ஓரிடத்தில் உட்கார்ந்ததும், பக்கத்து இடங்களில் இருக்கும் ஆக்சிஜனையும் ஹீமோகுளோபின் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்படி செய்துவிடுகிறது. திசுக்களுக்குப் போய்ச் சேர்ந்தபின்னும் அது விடுவதில்லை. கணவருக்கு இதை அவர் வேலையை வைத்தே சொன்னேன்: லாரியில் மூன்றில் ஒரு பங்கு கல்லு மூட்டை, மீதி கேரட். மண்டிக்கு வந்து நின்றாலும் கேரட்டை இறக்க விடமாட்டேன் என்கிறது லாரி. அவர் சட்டென்று புரிந்துகொண்டார். இதயம் வேகமாக அடித்து அந்தக் குறையை ஈடுகட்டப் பார்த்தது, அதுதான் அந்த 124. போதாதென்று இந்த வாயு தசையில் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் மயோகுளோபின் என்ற புரதத்திலும், செல்லுக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் நொதியிலும்கூடப் போய் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் ரத்தத்தில் உள்ள சதவீதத்தை மட்டும் வைத்து ஒருவரின் நிலைமையைச் சொல்லிவிட முடியாது.

எச்சரிக்கை ஏன் வரவில்லை

இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் கவலை தரும் பகுதி இதுதான். ஒருவர் மூச்சுத் திணறாமல், துடிக்காமல், தூங்கியபடியே எப்படி இவ்வளவு தூரம் போக முடியும்?

மூச்சை நடத்துவது மூளையின் அடியில் உள்ள முகுளம். அது பெரும்பாலும் கேட்பது கார்பன் டை ஆக்சைடின் பேச்சைத்தான். ரத்தத்தில் அது கொஞ்சம் ஏறினாலும் மூச்சு ஆழமாகும், வேகமாகும். மூச்சைப் பிடித்துப் பாருங்கள், கொஞ்ச நேரத்தில் விட்டே ஆக வேண்டும் என்று உடம்பு கெஞ்சும். அந்தக் கெஞ்சல் முக்கியமாகக் கார்பன் டை ஆக்சைடு ஏறுவதால் வருவது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த உடலியல் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேனும் அவரோடு ஆய்வு செய்த ஜே.ஜி. பிரீஸ்ட்லியும் 1905-இல் இதைக் காட்டினார்கள். ஆக்சிஜனைக் கவனிக்கத் தனிக் காவல் ஒன்றும் உண்டு. கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில், அரிசி அளவில் இருக்கும் கரோட்டிட் உறுப்புகள். அவற்றின் வேலையை விளக்கியதற்காக பெல்ஜியத்தின் கார்னே ஹேமன்ஸ் 1938-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்றார்.

அந்தக் காவல் உறுப்பு பெரும்பாலும் அளப்பது ஆக்சிஜனின் அழுத்தத்தை. மொத்தம் எத்தனை மில்லி போகிறது என்பது அதன் கணக்கில் இல்லை. கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்தாலும் ரத்த நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனின் அழுத்தம் குறைவதில்லை, ஏனென்றால் நுரையீரல் நன்றாக இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடும் தேங்குவதில்லை, ஏனென்றால் மூச்சு நன்றாகப் போகிறது. இரண்டு காவலும் எல்லாம் சரி என்றே சொல்லிக்கொண்டிருந்தன. தொட்டபெட்டா உச்சியில், 2,637 மீட்டரில், நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறதே, அந்த அளவு தொந்தரவுகூட இந்த அம்மாவுக்கு இருந்திருக்காது. விழித்திருந்தால் தலைவலியாவது தெரியும். தூக்கத்தில் அதுவும் இல்லை.

ஹால்டேன் இந்த வாயுவைத் தானே சுவாசித்து, தன் ரத்தத்தையே எடுத்துச் சோதித்து 1895-இல் எழுதியவர். சுரங்கத்துக்குள் சிறு பிராணிகளைக் கொண்டுபோகச் சொன்னதும் அவர்தான். வேகமாக மூச்சுவிடும் சிறு உடம்பு மனிதனுக்கு முன்பே விழும் என்பது அதன் கணக்கு. மனித உடம்பு தானாக எச்சரிக்காது என்பதை அவர் தெரிந்துவைத்திருந்தார்.

98 என்ற எண்

பல்ஸ் ஆக்சிமீட்டர் என்பது 1974-இல் ஜப்பானின் டகுவோ அவோயாகி கொடுத்த யோசனை. 660 நானோமீட்டர் சிவப்பு ஒளி, 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி இரண்டையும் விரல் வழியே அனுப்பி, எது எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்க்கும். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் சிவப்பு ஒளியை அதிகம் உறிஞ்சாது. கார்பன் மோனாக்சைடு ஏறியதும் ஏறத்தாழ அப்படியேதான். ஆக, சாதாரணக் கருவிக்கு இரண்டும் ஒன்று. 98 என்று காட்டியதில் மூன்றில் ஒரு பங்கு பொய்.

மலையில் வேலை செய்பவர்கள் கவனிக்க இன்னொன்று இருக்கிறது. இங்கே நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்களிடம் நாங்கள் தினமும் பார்ப்பது 94, 95, 96. நினைவு தடுமாறிக் கிடக்கும் ஒருவருக்கு, ஆக்சிஜன் எதுவும் கொடுக்காமலே 98, 99 என்றால் அந்த எண் கொஞ்சம் அதிகமாகவே நன்றாக இருக்கிறது. பயத்தில் வேகமாக மூச்சுவிட்டாலும் எண் ஏறலாம், அதனால் இதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. ஆனால் சந்தேகப்பட இது ஒரு காரணம். உண்மையைச் சொல்ல, பல அலைநீளங்களில் ரத்தத்தை அளக்கும் கோ-ஆக்சிமீட்டர் வேண்டும். தோல் செர்ரிப் பழம் போலச் சிவந்திருக்கும் என்று பாடத்தில் படித்ததை நம்பிக் காத்திருக்கவும் கூடாது, உயிரோடு வருபவர்களிடம் அதைப் பார்ப்பது அபூர்வம்.

சிகிச்சை

மருந்து ஒன்றே ஒன்றுதான், ஆக்சிஜன். பை வைத்த மாஸ்க், நிமிடத்துக்கு 15 லிட்டர். சாதாரணக் காற்றில் கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். அதிக ஆக்சிஜனில் ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம். இதிலும் உயரம் குறுக்கே வரும். முழு ஆக்சிஜன் கொடுத்தாலும் மூச்சில் அதன் அழுத்தம் கடற்கரையில் 713 என்றால் இங்கே 533தான். வாயுவை விரட்டுவது அந்த அழுத்தம் என்பதால், மலையில் மாஸ்க்கைக் கூடுதல் நேரம் வைத்திருக்க வேண்டும். ஆக்சிமீட்டர் 100 காட்டுகிறது என்று யாரும் குறைத்துவிடக் கூடாது என மாஸ்க்கின் மேலேயே பிளாஸ்திரியில் எழுதி ஒட்டினோம்.

இரண்டரை மணி நேரத்தில் அம்மா மகனின் பெயரைச் சொல்லிக் கேட்டார். பையன் அதற்கு முன்பே பசிக்கிறது என்றான். ஆனாலும் நினைவு தப்பியவர் என்பதால், இதயத்தையும் மூளையையும் பார்க்க அம்மாவைக் கோவைக்கு அனுப்பினோம். அனுப்பும்போது சிலிண்டர் கணக்கு போட்டுத்தான் அனுப்ப வேண்டும். 1,500 லிட்டர் கொண்ட பி வகை சிலிண்டர் நிமிடத்துக்கு 15 லிட்டர் என்றால் 100 நிமிடம்தான் வரும். குன்னூர் வழியாக இறங்கி மேட்டுப்பாளையம் தாண்டுவதற்குள் தீர்ந்துவிடும். இரண்டு முழு சிலிண்டர் ஏற்றினோம். அழுத்தம் கூட்டிய அறையில் வைத்து ஆக்சிஜன் கொடுத்தால் வாயு இன்னும் வேகமாக வெளியேறும். நீண்டகாலப் பயனைப் பற்றி ஆய்வுகள் ஒரே பதிலைச் சொல்லவில்லை. அதற்குள் தெளிந்துவிட்டதால் அங்கே அது கொடுக்கப்படவில்லை.

அந்த அறை

காலங்காலமாகக் கங்கு வைத்துப் படுத்தவர்களுக்கு இந்த வருடம் மட்டும் ஏன்? பாட்டி வாழ்ந்தது நாட்டு ஓடு வேய்ந்த வீட்டில். ஓட்டுக்கு நடுவே வானம் தெரியும், கதவுக்கு அடியில் விரல் போகும். குளிர் உள்ளே வந்தது, விஷமும் வெளியே போனது. இப்போது இருப்பது கான்கிரீட் கூரை, அலுமினிய ஜன்னல். பனி அதிகமான அந்த வாரத்தில் ஜன்னலுக்கு மேலிருந்த காற்றுத் துவாரத்தை அட்டை வைத்து டேப் ஒட்டி அடைத்திருக்கிறார்கள், கதவடியில் சாக்கு.

பத்தடிக்குப் பத்தடி, ஒன்பதடி உயரம். அந்த அறையில் இருக்கும் காற்று சுமார் 25,000 லிட்டர். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் 25 லிட்டர் கார்பன் மோனாக்சைடு. மூடிய அறையில் அந்த அளவு உண்டாக, கரியிலுள்ள கார்பனில் பத்து கிராம் அரைகுறையாக எரிந்தாலே போதும். அவர் சட்டியில் அள்ளிப் போட்டது ஒரு கிலோவுக்குக் குறையாது. இந்த வாயு காற்றைவிடச் சற்றே லேசானது, அறை முழுக்கக் கலந்துவிடும். தரையில் படுத்தால் தப்பலாம், கட்டிலில் படுத்தால் தப்பலாம் என்பதெல்லாம் இல்லை. பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்தால் கேடு வராது என்று நம்புகிறவர்களும் உண்டு. தண்ணீரில் இது கரைவதே சொற்பம், ஒரு பலனும் இல்லை. பாட்டி தப்பியது கூடத்துக் கதவின் இடுக்கால்தான்.

அதன் பிறகு

நான்காம் நாள் அம்மா நன்றாகப் பேசி, நடந்து வீடு திரும்பினார். கணவரிடம் ஒன்றை அழுத்திச் சொல்லியிருந்தோம்: முழுக்கத் தெளிந்தபின், சில நாள் முதல் சில வாரம் கழித்து, மறதி, தடுமாற்றம், குணமாற்றம் வரலாம், வந்தால் உடனே கூட்டி வாருங்கள். மூன்றாவது வாரம் வந்தார்கள். குழம்பில் உப்பு இரண்டு முறை விழுகிறது, கூலிப் பணத்தை எண்ணிக்கொண்டிருக்கும்போதே எண்ணிக்கை விட்டுப்போகிறது, மேட்டில் நடக்கக் கால் தயங்குகிறது. ஸ்கேனில் மாற்றம் இல்லை. இதற்குத் தனி மருந்து கிடையாது, பெரும்பாலோருக்கு மாதக்கணக்கில் சரியாகும் என்று சொல்லி, நடைப்பயிற்சியும் வாராவாரம் பரிசோதனையும் வைத்தோம். மூன்று மாதத்தில் நடை சரியானது, கணக்கு ஏறக்குறைய சரியானது. எரிச்சல் மட்டும் முன்பைவிட அதிகம் என்கிறார் பாட்டி, அதை இன்னும் கவனித்துக்கொண்டிருக்கிறோம். பையனுக்கு ஒரு குறையும் இல்லை.

வீட்டில் அடைத்த துவாரத்தைப் பிரித்துவிட்டார்கள். படுக்கும் அறைக்குள் கங்கு போவதில்லை. குளிருக்கு வெந்நீர்ப் பையும் இன்னொரு கம்பளியும்.

எங்கள் வெளிநோயாளிப் பிரிவில் நவம்பர் பிறந்ததும் இரண்டு கேள்வி சேர்ந்துகொள்கிறது: “ராத்திரி ரூமுக்குள்ள கங்கு வச்சீங்களா? வீட்ல வேற யாருக்கும் தலைவலி இருக்கா?” பார்பிக்யூ முடிந்த கரியைக் குளிருக்காக அறைக்குள் இழுத்து வைக்கும் சுற்றுலாக் குடும்பங்களிடமும் இதையேதான் கேட்கிறோம். கர்ப்பிணி என்றால் கூடுதல் கவனம், வயிற்றுக் குழந்தையின் ஹீமோகுளோபினிலிருந்து இந்த வாயு தாயைவிட மெதுவாகத்தான் விலகும். ஆமாம் என்று பதில் வந்தால் ஆக்சிமீட்டரைப் பார்ப்பதற்கு முன்பே ரத்தம் எடுத்துவிட்டு மாஸ்க்கை மாட்டிவிடுகிறோம். வீட்டில் மிச்சமிருப்பவர்களையும் உடனே வெளியே வரச் சொல்லிப் போன் போடச் சொல்கிறோம்.